வடசென்னையிலிருந்து சானடோரியத்துக்கு

இராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் வயது முதிர்ந்தவர்கள் ஸ்டான்லி மருத்துவமனையைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். 1782-ஆம் ஆண்டில், பஞ்சத்துக்கு அஞ்சிப் பட்டணத்தை நோக்கி வந்த ஏழை ஜனங்களுக்குக் கஞ்சி வார்ப்பதற்காக ஏற்பட்ட மணியக்காரர் சத்திரத்தை அடுத்துத் தோன்றி வளர்ந்த அந்த வைத்தியசாலை, ஓர் ஆளுநரின் பெயரை ஏற்று, 1938-ஆம் ஆண்டில் மருத்துவக் கல்லூரியான பின்பும், பசித்தவனுக்கும் பிணியாளனுக்கும் ஒரே வாசல் என்ற தன் பழைய இயல்பை விட்டுவிடவில்லை. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் இராயபுரம் நிலையத்திலிருந்து புறப்பட்டது, துறைமுகம் எழுந்தது, பிறகு எண்ணூரில் லாரித் தொழிற்சாலையும் அனல்மின் நிலையமும், திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும், மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் வந்தன. உழைக்க வந்தவர்களுக்கு வேலை கிடைத்தது. காற்றும் வெளிச்சமும் உள்ள வீடு கிடைக்கவில்லை. காலராவும் அம்மையும் கண்டவர்களைத் தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்ற காலமும், காசம் கண்டவர்களைக் குடும்பத்தினின்று பிரித்து எங்கோ அனுப்பிய காலமும் இந்தக் கடலோரத்தின் ஞாபகத்தில் இன்னும் இருக்கின்றன.

அந்த வரிசையில் பின்னால் வந்தது எச்.ஐ.வி. அதன் சரித்திரம் முழுவதையும் சொல்வது என் நோக்கமன்று. நாள் தவறாமல் மாத்திரை உண்டு, வைத்தியர் சொற்படி பழைய மருந்தை விட்டுப் புதிய மருந்துக்கு மாறி, ஆறு மாதம் காத்திருந்து, பரிசோதனைத் தாளை வாங்கிப் பார்க்கும்போது, இரத்தத்திலுள்ள கிருமியின் அளவாகத் தாம் நம்பியிருந்த எண்ணுக்குப் பதிலாக வேறோர் எண் நிற்கக் கண்டு மனம் தளர்ந்து போகிறாரே ஒருவர், அவருடைய அந்த நிலை எவ்வாறு உண்டாயிற்று, அந்த நிலையில் அவரை நம் ஸ்தாபனங்களும் நம் சமூகமும் எப்படி நடத்தி வந்திருக்கின்றன என்பதை மட்டும் ஆராய விரும்புகிறேன். பழைய செய்திகளைப் புரட்டப் புரட்ட எனக்கு உறுதிப்படுவது ஒன்றுதான். பரிசோதனைத் தாளை நாம் ஆரம்பம் முதலே ஒரு குற்றப்பத்திரிகையாகப் படித்துவிட்டோம். அப்படிப் படித்ததற்கு விலை கொடுத்தவர்கள் ஏழைகள்.

முதல் பரிசோதனையே அதற்குச் சாட்சி. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியையாக இருந்த டாக்டர் சுநிதி சாலமனின் யோசனைப்படி, அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலா, அரசாங்கக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்கள் முதலியோரிடமிருந்து ஏறத்தாழ 200 இரத்த மாதிரிகளைச் சேகரித்து, சீரத்தைத் தம் வீட்டுக் குளிர்ப்பெட்டியிலேயே பாதுகாத்து, 1986 பிப்ரவரியில் இரவு ரயிலில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றார். அங்கே டாக்டர் ஜேக்கப் ஜான் முதலானோர் முன்னிலையில் ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறமாயின. அந்த முடிவு அமெரிக்காவில் உறுதிசெய்யப்பட்டு, மே மாதத்தில் சட்டசபையில் சுகாதார மந்திரி எச். வி. ஹண்டே வாயிலாக நாட்டுக்கு அறிவிக்கப்பட்டது. பாரத தேசத்தில் இக்கிருமி கண்டறியப்பட்ட முதல் சம்பவம் இதுவே. விஞ்ஞானத்துக்கு இது பெருமைதான். ஆனால் பரிசோதனையில் கிருமி உண்டென்று கண்ட பெண்களுக்கு அந்தத் தாள் கொடுத்தது என்ன? மருந்து அன்று இல்லை. காவல்தான் நீண்டது. ச்யாமளா நடராஜ் என்ற பத்திரிகையாளர் அவர்களுக்காக உயர்நீதிமன்றத்தை நாடிய பிறகு, 1990-ஆம் ஆண்டில்தான் காப்பகத்தின் கதவு திறந்தது. சோதனையின் முடிவு ஒருவரைச் சிறை வைக்கும் ஆணையாகப் பயன்பட்ட அந்த நான்காண்டுகள் நம் ஊரின் மனத்தில் ஏற்றிய பயம், பின்னாளில் மருந்து வந்தபோதும் முழுதும் இறங்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

இதே நகரத்தில் வேறொரு மரபும் இருந்தது. அதை நாம் மறந்துவிட்டதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. 1928-ஆம் ஆண்டில் டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சவுரிமுத்து என்ற வைத்தியர் தாம்பரத்துக்கு அருகே காசநோயாளிகளுக்காக ஒரு சானடோரியத்தை ஏற்படுத்தினார். 1937-இல் அது அரசாங்கத்தின் வசமாயிற்று. நல்ல காற்று, நல்ல உணவு, ஓய்வு என்பதே அக்காலத்துச் சிகிச்சை. பின்பு 1956-ஆம் ஆண்டில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசாங்கமும், உலக சுகாதார ஸ்தாபனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கூடிச் சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய வைத்தியரின் தலைமையில் அங்கே கேட்கப்பட்ட கேள்வி மிகவும் எளியது: இடுக்கமான வீட்டில், அரைவயிற்று உணவோடு, குடும்பத்தின் நடுவே இருந்து மருந்து உண்ணும் ஏழை, சானடோரியத்தில் படுக்கையும் பாலும் பெற்று மருந்து உண்பவரைப் போலக் குணமடைவாரா? குணமடைவார் என்று 1959-இல் வெளியான முடிவு உலகத்துக்குச் சொல்லிற்று. உடனிருந்த உறவினருக்கும் அதனால் அதிகக் கேடு விளையவில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்படுவதற்கு இந்தச் சென்னை ஆராய்ச்சி ஒரு முக்கிய காரணம்.

அந்த வைத்தியர்கள் கற்ற பாடத்தில் இன்னொரு பகுதி உண்டு. நோயாளி மருந்தை உண்மையில் உண்கிறாரா என்பதை அவர்கள் அனுமானத்துக்கு விடவில்லை. சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். அதோடு, ஒரே மருந்தைத் தனியாகக் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகித் தப்பிவிடும் என்பதையும், இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால்தான் அதன் வழி அடைபடும் என்பதையும் கண்டார்கள். மருந்து தோற்றதென்றால், உண்ணப்படாததால் தோற்றதா, கிருமி பழகியதால் தோற்றதா என்று பிரித்துக் கேட்கும் பழக்கம் அந்நாளிலேயே சென்னையில் இருந்தது. எச்.ஐ.வி. வந்தபோது இந்தப் பழக்கத்தை அடிமுதல் புதிதாகக் கற்க வேண்டியதாயிற்று.

1993-ஆம் ஆண்டில் தாம்பரம் சானடோரியம் எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கியது. அதே ஆண்டில் சுநிதி சாலமன் ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் நிலையத்தை ஏற்படுத்தினார். மற்ற இடங்களில் தொடவும் தயங்கிய காலத்தில், சானடோரியத்தின் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் தெய்வநாயகம், இருமிச் சோர்ந்து வந்தவர்களுக்குக் காசத்துக்கான ஆங்கில மருந்தையும், இரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் இலேகியம் ஆகிய சித்த மருந்துகளையும் கொடுத்துப் பார்த்தார். அந்தச் சித்த மருந்துகள் கிருமியை அடக்கினவா என்பது விவாதத்துக்குரியது. மனிதரைப் படுக்கையில் ஏற்றி உணவு கொடுத்துப் பேசினார்கள் என்பதில் விவாதமில்லை. எண்ணூரிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் புறப்பட்டவர்கள் கும்மிடிப்பூண்டி வழி ரயிலில் கடற்கரை நிலையத்துக்கு வந்து, 1931 முதல் ஓடும் தாம்பரம் மின்சார ரயிலில் ஏறி, நகரத்தின் வடகோடியிலிருந்து தென்கோடிக்குப் போய், சானடோரியம் என்ற பெயருள்ள நிலையத்திலேயே இறங்க வேண்டியிருந்தது. அந்தப் பெயருள்ள நிலையத்தில் இறங்குவதைத் தெரிந்தவர் எவராவது பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்ற அச்சமும், ஒரு நாள் கூலி போய்விட்டதே என்ற கவலையும் அந்தப் பிரயாணத்தில் உடன் வந்தன.

1996-க்குப் பிறகு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை மேல்நாடுகளில் மரணத்தைத் தடுத்து நிறுத்தியது. அதன் விலையோ ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். 2001 பிப்ரவரியில் பம்பாய் சிப்லா நிறுவனத்தின் யூசுஃப் ஹமீது ஒரு நாள் மருந்தை ஒரு டாலருக்கும் குறைவாகத் தர முன்வந்தது உலக சரித்திரத்தில் ஒரு திருப்பம். ஆனால் துறைமுகத்தில் மூட்டை சுமப்பவருக்கு அதுவும் எட்டாத விலை. நகையை அடகு வைத்து இரண்டு மாதம் வாங்கினார்கள். பணம் தீர்ந்ததும் நிறுத்தினார்கள். மீண்டும் கிடைத்தபோது மூன்றில் இரண்டு மருந்தை மட்டும் வாங்கினார்கள். சேத்துப்பட்டு வைத்தியர்கள் முன்பே எச்சரித்தது இதுதான். கிருமி பழகிற்று. பிற்காலத்தில் மருந்தை மாற்றியும் எண் இறங்காமல் நின்றவர்களில் பலருக்கு, அதன் காரணம் இந்த வறுமைக் காலத்தில் விதைக்கப்பட்டதாகும்.

2004 ஏப்ரல் முதல் தேதி சர்க்கார் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியது. தேசம் முழுவதிலும் எட்டு மருத்துவமனைகளில் மட்டும் தொடங்கிய அத்திட்டத்தில் தாம்பரமும் இடம்பெற்றது. அன்றைய கூட்டு மருந்து ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் என்ற மூன்றும் சேர்ந்தது. சாவின் விளிம்பிலிருந்து எழுந்து வீடு திரும்பியவர்கள் அதை அமிர்தமாகவே எண்ணினார்கள். ஆண்டுகள் சென்றபோது ஸ்டாவுடின் கன்னத்துச் சதையைக் கரைத்தது. பாதங்களில் எரிச்சல் உண்டாக்கியது. குப்பத்துச் சந்தில் ஒடுங்கிய கன்னமே ஒருவருடைய இரகசியத்தை ஊருக்குச் சொல்லிவிடும் நிலை வந்தது. அதற்குப் பதிலாக வந்த ஜிடோவுடின் சிலருக்கு இரத்தத்தை வற்றச் செய்தது. எஃபாவிரென்ஸ் இரவில் பயங்கரக் கனவுகளையும் காலையில் தலைசுற்றலையும் கொடுத்தது. டெனோஃபோவிர் நல்ல மருந்தே. ஆயினும் சிறுநீரகத்தைக் கவனிக்கச் சொல்லிற்று. பின்னால் வந்த அடாசனாவிர் கண்ணை மஞ்சளாக்கியது. கல்லீரலுக்குப் பெரும்பாலும் தீங்கில்லாத அந்த மஞ்சளைப் பார்த்து, 'காமாலையா, என்ன குடிச்சே?' என்று அக்கம்பக்கத்தார் கேட்பதற்குப் பயந்து மாத்திரையைக் குறைத்தவர்களும் உண்டு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் வைத்தியத்தில் நியாயமான காரணம் இருந்தது. அந்தக் காரணம் மாத்திரை வாங்கும் ஜன்னலில் நின்றவருக்கு ஒவ்வொரு முறையும் விளக்கிச் சொல்லப்பட்டதா என்பதுதான் சந்தேகம்.

அக்காலத்தில் ஒருவருடைய நிலையை அளந்தது, நோய் எதிர்ப்பு அணுக்களைக் கணக்கிடும் சி.டி. 4 என்ற எண்தான். ஜனங்கள் அதைக் 'கவுன்ட்' என்றார்கள். அந்நாளில் 200-க்குக் கீழே போனால் மருந்து தொடங்கினார்கள். ஏறினால் நல்லது, இறங்கினால் கெட்டது. இந்த எண் பின்னால் வந்து சேதி சொல்லும் தன்மையுடையது. கிருமி மருந்தை மீறிப் பல மாதங்கள் பெருகிய பின்புதான் சி.டி. 4 குறையும். கிருமியையே எண்ணும் வைரல் லோடு பரிசோதனை அன்று விலை உயர்ந்தது. சந்தேகம் முற்றியவர்களுக்கு மட்டும், நிபுணர் குழுவின் அனுமதியோடு செய்யப்பட்டது. இதனால் தோல்வி தாமதமாகவே தெரிந்தது. தெரிந்தபோது கிருமி பல மருந்துகளுக்கு ஒருங்கே பழகியிருந்தது. சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் வைத்தியர்கள் எழுதிய ஆய்வுகள் இதைப் பலமுறை எடுத்துக்காட்டின. அந்த நாட்களில் எண் குறைந்ததற்கு நோயாளியின் கவனக்குறைவே காரணமென்று கடிந்துகொண்டவர்கள், அளக்கும் கருவியே தாமதித்து வந்தது என்பதைச் சிந்திக்கவில்லை.

முதல் கூட்டு மருந்து தோற்றவர்களுக்கு அடுத்த நிலை மருந்தை, அதாவது எல்லோரும் 'செகண்ட் லைன்' என்று சொல்வதை, 2008 ஜனவரியில் சர்க்கார் இரண்டே இடங்களில் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. ஒன்று பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனை, மற்றொன்று நம் தாம்பரம். அதுவும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. வெளியே பணம் கொடுத்துச் சிகிச்சையைத் தொடங்கியவர்கள், அதாவது சர்க்கார் மருந்து கொடுப்பதற்கு முன்பே உயிர் பிழைக்க நகையை விற்றவர்கள், ஒதுக்கப்பட்டார்கள். 2010 இறுதியில் உச்சநீதிமன்றம் தலையிட்ட பிறகே அந்தத் தடை நீங்கிற்று. இந்த நியாயத்தைக் கேட்டுப் பெற்றதில் நோயாளிகளுக்கே பெரும் பங்குண்டு. சென்னையில் 1997-இல் எச்.ஐ.வி.யோடு வாழ்வோரின் இந்திய வலையமைப்பும், 1998-இல் பி. கௌசல்யா முதலிய பெண்கள் ஏற்படுத்திய பாசிட்டிவ் பெண்கள் வலையமைப்பும் பிறந்தன. மருந்து மாறிய ஒருவர் மற்றொருவரிடம், 'எனக்கும் அப்படித்தான் வந்தது, மூன்று மாதத்தில் சரியாயிற்று' என்று சொல்லும் வார்த்தைக்கு எந்த விளம்பரச் சுவரும் ஈடாகாது. 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரங்கள் ஊரெங்கும் கேட்ட காலத்தில், வந்தவர்கள் தமக்குள்ளே கேட்டுக்கொண்ட கேள்விகள் வேறு.

2018 பிப்ரவரியில் வைரல் லோடு பரிசோதனையை மருந்து உண்ணும் எல்லோருக்கும் இலவசமாகச் செய்வதென்று மத்திய சர்க்கார் அறிவித்தது. நான் மிகவும் போற்றும் மாற்றம் இது. ஆனால் பதினான்கு ஆண்டுகளாக எண் ஏறினால் நல்லது என்று பழகியவர்களிடம், ஏறினால் கெட்டது என்னும் புதிய எண் ஒன்று வந்தது. தாளில் எண் பெரிதாக இருப்பதைக் கண்டு மகிழ்ந்தவரும், காணப்படவில்லை என்று எழுதியிருப்பதைக் கண்டு, இரத்தத்தைச் சரியாகச் சோதிக்கவில்லையோ என்று பயந்தவரும் இருந்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. வழிகாட்டு நெறி தெளிவானது. ஒரு மில்லி இரத்தநீரில் 1,000-க்குமேல் கிருமிப் பிரதிகள் இருந்தால் உடனே மருந்து தோற்றது என்று முடிவு கட்டலாகாது. ஆற்றுப்படுத்துநர் நோயாளியோடு அமர்ந்து மாத்திரை உண்ணும் முறையை மூன்று மாதம் பேசிச் சீர்செய்த பின்பு மறுபடியும் சோதிக்க வேண்டும். இரண்டாம் முறையும் இறங்காவிட்டால்தான் மருந்து மாறும். எண் ஒருமுறை சிறிது எழும்பித் தானே அடங்குவதும் உண்டு. 50, 100 என்று கண்டு உறக்கம் இழக்க வேண்டியதில்லை. உண்ணப்படாததால் தோற்றதா, கிருமி பழகியதால் தோற்றதா என்று சேத்துப்பட்டில் அந்நாளில் கேட்ட அதே கேள்வி, அறுபது ஆண்டுகள் கழித்து, அதிகாரபூர்வமான நியதியாகத் திரும்பி வந்தது.

மூன்று மாதம் பேசுவதென்றால் எதைப் பேசுவது? வடசென்னையின் வாழ்க்கையைப் பேசவேண்டும். காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போகிறவர் கடலில் பல நாள் தங்குகிறார். ஒரே அறையில் படுக்கும் சகதொழிலாளிகளின் கண்ணுக்குத் தப்பி டப்பாவைத் திறக்கவேண்டும். பிரயாணம் இரண்டு நாள் நீண்டால் மாத்திரை தீர்ந்துவிடும். துறைமுக வாசலுக்காக எண்ணூர் விரைவுச்சாலையில் மணிக்கணக்காக நிற்கும் கன்டெய்னர் லாரி ஓட்டுநருக்கு, அன்று படுக்கும்போது உண்ணச் சொன்ன எஃபாவிரென்ஸை எப்போது உண்பது என்பதே கேள்வியாக இருந்தது. அவர் படுக்கும் நேரம் அவர் கையில் இல்லை. ஆலையில் இரவு முறை மாறி மாறி வருகிறவருக்கும் அப்படியே. கணவருக்குத் தெரியாமல் அரிசிப்பானைக்குள் மாத்திரையை ஒளித்து வைக்கும் பெண்ணைப் பற்றி என்ன சொல்வது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் கடலோடிகள் கரையில் இருக்கிறார்கள். அந்த அறுபத்தொரு நாட்களில் ஆண்டுப் பரிசோதனையை வைத்துக்கொண்டால் எவ்வளவோ நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கால் மின்சார ரயில் நின்றபோது, பல மாதத்து மாத்திரையை ஒரே முறை கொடுக்கவும், வீட்டருகே கொண்டுபோய்ச் சேர்க்கவும் ஏற்பாடு நடந்தது. ஆபத்தில் முடிந்த காரியம் சாதாரண நாளிலும் முடியவேண்டும்.

2020-க்குப் பின் பெரும்பாலோர் டோலுடெக்ராவிர் சேர்ந்த ஒற்றை மாத்திரைக்கு மாற்றப்பட்டார்கள். பகலோ இரவோ, நாளுக்கு ஒன்று. கிருமி எளிதில் இதற்குப் பழகுவதில்லை. இதுவரை வந்தவற்றுள் இதுவே நமக்கு ஏற்ற மருந்து என்பதில் தடையில்லை. ஆயினும் மாறிய சில வாரங்களில் இரத்தத்தில் கிரியேட்டினின் சிறிது உயரும். சிறுநீரகம் கெட்டுப்போனதால் அன்று, அந்தப் பொருள் வெளியேறும் வழியில் ஒன்றை மருந்து மறிப்பதால் வரும் உயர்வு அது. சிலருக்கு உடல் எடை கூடும். சர்க்கரையைக் கவனிக்க வேண்டியிருக்கும். நெஞ்செரிச்சலுக்குக் கடையில் வாங்கும் ஜெலுசில் போன்ற மருந்தை இதனோடு சேர்த்து விழுங்கினாலும், இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளை இதனோடு வெறும் வயிற்றில் விழுங்கினாலும், மருந்து உடலில் சேர்வது குறையும். நோயாளி ஒரு வேளையும் தவறவிடாமலே எண் ஏறக்கூடும். காசத்துக்கு ரிஃபாம்பிசின் உண்பவர் டோலுடெக்ராவிரை இருவேளை உண்ணவேண்டும். அதை ஒருவரும் சொல்லாவிட்டாலும் எண் ஏறும். இத்தனை காரணங்களையும் கேட்டறியாமல், 'நீ ஒழுங்காகச் சாப்பிடவில்லை' என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவது வைத்தியமாகாது.

நல்ல எண்ணுக்குப் பெரும் பயனும் உண்டு. சென்னையும் ஒரு நிலையமாக அமைந்து, ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதிகளிடம் நடந்து, 2011-இல் முடிவு வெளியான ஆராய்ச்சி, சீக்கிரம் மருந்து தொடங்கியவரிடமிருந்து துணைவருக்குத் தொற்று பரவுவது 96 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. கிருமி காணப்படாத நிலை தொடர்ந்து நின்றால் உடலுறவில் தொற்று பரவுவதில்லை என்று இன்று உலகம் ஒப்புக்கொள்கிறது. ஆகவே எண் ஏறியவரின் கவலையில் தம் உயிரோடு தம் மனைவியின் அல்லது கணவரின் க்ஷேமமும் கலந்திருக்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், இந்த நோய் உள்ளவரை வேலையிலும் மருத்துவமனையிலும் பாரபட்சமாக நடத்துவதையும், அவர் சம்மதமின்றி நிலையை வெளியிடுவதையும் தடுக்கிறது. 1986-இல் காப்பகத்தில் அடைபட்ட பெண்களுக்கு இல்லாத பாதுகாப்பு அது.

தாம்பரத்துக்கு ரயில் ஏறவேண்டிய கட்டாயம் இன்று வடசென்னைக்காரருக்கு இல்லை, ஸ்டான்லியிலேயே ஏ.ஆர்.டி. என்னும் கூட்டு மருந்துச் சிகிச்சை மையம் இருக்கிறது. மருந்து மாறிய பின் தாளில் எண் ஏறியிருக்கக் கண்ட வாசகர் எவரேனும் இதைப் படித்தால் அவரை வேண்டிக்கொள்கிறேன்: கோபத்திலும் வெட்கத்திலும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், நீங்களாக மருந்தை மாற்றவும் வேண்டாம். அந்த வாரத்திலேயே மையத்துக்குச் சென்று, தவறிய வேளைகளையும், உடன் உண்ணும் மற்ற மருந்துகளையும், சூரணம் இலேகியம் எதையும் விடாமல், உள்ளபடி சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து வரும் மறுபரிசோதனை எந்த நாள் என்று கேட்டுத் தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குக் கட்டணமில்லை. நேரில் போகத் தயக்கமாக இருந்தால், 1097 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றித் தொலைபேசியில் பேசலாம். பெயரைச் சொல்லவேண்டிய அவசியமில்லை.